தீயணைப்பு நிலையத்துக் கட்டிலும் ஓர் உபகரணம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீயணைப்பு நிலையத்தில் பகல் பத்து மணிக்கு ஒருவர் படுத்திருப்பதைக் கண்டால், "சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறாங்கள்" என்று சொல்வது நம் மட்டக்களப்புப் பகுதியில் பழகிப்போன பேச்சு. சிலர் அதைப் படம் பிடித்து முகநூலிலும் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படுக்கையைப் பற்றித்தான் இக்கடிதம். குழாயும் பம்பும் உபகரணம் என்றால் அந்தக் கட்டிலும் உபகரணம்தான். பம்ப் பழுதானால் அன்றைக்கே தெரிந்துவிடும். நித்திரை பழுதானால் மாதக்கணக்கில் கழித்து, வீட்டில் எரிந்து விழுவதாகவும் கெட்ட கனவாகவும் குடியாகவும் வெளியே வரும். அப்போது அதை நித்திரையோடு சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

நித்திரை இரவு முழுக்க ஒரே சீராக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக வந்துபோகிறது. இரவின் முற்பாதியில் ஆழ்ந்த நித்திரை கூட. விடியச் சாமத்தில் கனவு நித்திரை கூட. ஆழ்ந்த நித்திரையில் உடல் களைப்பாறுகிறது. கனவு நித்திரையில் மூளை அன்றைய பயத்தையும் துக்கத்தையும் எடுத்துப் புரட்டி, நினைவை வைத்துக்கொண்டு அதன் சூட்டை மட்டும் ஆற்றுகிறது. அந்நேரத்தில் பதற்றத்தைத் தூண்டும் நோர்அட்ரினலின் மூளையில் மிகத் தாழ்ந்த அளவில் இருப்பதே இதற்கு வழிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இப்போது கணக்குப் பாருங்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு வரும் அழைப்பு ஆழ்ந்த நித்திரையைத் தின்கிறது. நாலு மணிக்கு வரும் அழைப்பு கனவு நித்திரையைத் தின்கிறது. மாலையில் விபத்தில் நசுங்கிய வாகனத்துக்குள் இருந்து ஒரு பிள்ளையை வெட்டி எடுத்தவர், அன்றிரவே இரண்டு தடவை எழுப்பப்பட்டால், அந்தக் காட்சி ஆறாமலே மறுநாளுக்குள் போகிறது. இப்படிப் பத்து இரவு, நூறு இரவு.

தீயணைப்பு வீரர் நெருப்பை மட்டும் பார்ப்பவர் இல்லை. கிணற்றில் விழுந்தவரைத் தூக்குவதும், வெள்ளத்தில் அகப்பட்டவரை மீட்பதும் அவர் வேலைதான். அதோடு நம் மாவட்டங்களில் இந்த வேலை செய்பவர் வெறும் மனதோடு கடமைக்கு வருவதில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர், 2004 சுனாமியில் சொந்தத்தைப் பறிகொடுத்தவர், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயப் பக்கம் கேட்ட குண்டு வெடியோசையை மறக்காதவர், 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளி வெள்ளத்தில் உழவு இயந்திரத்தோடு அள்ளுண்ட மதரசா மாணவர்களின் செய்தி கேட்டுக் கலங்கியவர் என்று ஒவ்வொருவருக்குள்ளும் ஏதோ ஒன்று இருக்கும். பழைய காயத்தின் மேல் புதிய காட்சி வந்து விழும்போது, அதை ஆற்ற உடலிடம் இருக்கிற முதல் மருந்து நித்திரை. அதையே வெட்டிவிட்டு "மனதைத் திடப்படுத்து" என்று சொல்வதில் பொருளில்லை.

இது நம் ஊகமும் இல்லை. அமெரிக்காவின் 66 தீயணைப்புத் திணைக்களங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 வீரர்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், 37 வீதமானோருக்கு ஏதோ ஒரு நித்திரைக் கோளாறுக்கான அறிகுறிகள் தென்பட்டன. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதுவரை எந்த வைத்தியராலும் கண்டறியப்படாதவர்கள். கோளாறு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களை விடக் கூடுதலாக இருந்தன. வாகன விபத்தும் கூடுதல். வேறு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நித்திரையின்மை உள்ள ஒருவருக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் கெட்டதால் நித்திரை கெட்டது என்று மட்டும் எண்ணியிருந்தோம். நித்திரை கெட்டதாலும் மனம் கெடும்.

எழுப்பப்படும் அந்த முதல் நிமிடங்களைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். மணி அடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கால் சப்பாத்துக்குள் போகிறது, உடல் ஓடுகிறது. மூளை இன்னும் எழும்பவில்லை. இந்த நித்திரை மயக்கம் பொதுவாக 15 முதல் 30 நிமிடம் நீடிக்கும். ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழுப்பப்பட்டால், அதுவும் ஏற்கெனவே பல நாள் நித்திரை குறைந்து நித்திரைக் கடன் உள்ளவரானால், ஒரு மணித்தியாலமும் போகலாம். இந்நேரத்தில் நடக்கும் பிழைகள் சின்னச் சின்னவை: கழுத்துப் பட்டி பூட்டப்படாமல் விடப்படுவது, சுவாசக் கருவியின் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கப்படாதது, கை நிறுத்தி (ஹாண்ட் பிரேக்) போடாமல் பம்பைக் கியரில் கொளுவப் பார்ப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைக்க மறப்பது, இடப்பக்க வால்வுக்குப் பதிலாக வலப்பக்க வால்வைத் திறப்பது, சொன்ன சந்தியை விட்டு அடுத்த சந்தியில் திரும்புவது. இவை கவனக்குறைவால் வருவதில்லை. இருபது வருட அனுபவசாலிக்கும் இதுதான் நடக்கும்.

ஆகவே நித்திரை மயக்கத்தை மனதில் வைத்தே வேலையை ஒழுங்கு செய்யலாம். இரவில் ஒருவர் விழித்திருக்கும் காவல் முறை இருக்குமானால், வாகனம் ஓட்டத் தெரிந்தவரையே அதில் வைத்து, முதல் ஓட்டத்தை அவரிடம் கொடுக்கலாம். அப்போதுதான் எழும்பியவர் சக்கரத்தைப் பிடிக்கத் தேவையில்லை. பம்பை இயக்கும் படிகளை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, பம்பின் பக்கத்திலேயே தொங்கவிட வேண்டும். கை நிறுத்தி, கியர் நடுநிலை, சக்கரக் கட்டை, பம்ப் கொளுவல், தண்ணீர் வால்வு, பிறகு அழுத்தம் என்று ஒருவர் வாசிக்க மற்றவர் செய்து திருப்பிச் சொல்லவேண்டும். அழைப்பு எடுத்தவர் முகவரியைப் பலகையில் எழுதி, சாரதி அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்ன பின்பே வாகனம் நகரவேண்டும். இதற்குச் செலவாவது இருபது வினாடி.

மணியைப் பற்றியும் ஒரு சொல். முழுச் சத்தத்தில் திடுமென அலறும் மணி இதயத் துடிப்பை ஒரேயடியாக ஏற்றுகிறது. மெல்லத் தொடங்கிச் சில வினாடிகளில் உயரும் மணியும், பளீரென்ற குழல் விளக்குக்குப் பதில் மங்கலான சிவப்பு விளக்கும் அதே வேலையைச் செய்யும், உடலை அவ்வளவு உலுக்காது. அலுவலகத் தொலைபேசிக்கும் அவசர அழைப்புக்கும் ஒரே மணி ஓசை இருக்கவே கூடாது. இருந்தால், யாரோ நாளைக்குத் தண்ணீர் பவுசர் கிடைக்குமா என்று கேட்க எடுத்த அழைப்புக்கும் அத்தனை பேருடைய நெஞ்சும் ஒரு தரம் துள்ளும். கொஞ்ச நாளில் மணி அடிக்காத இரவிலும் மணிக்காகக் காத்தபடி அரைக்கண்ணில் கிடக்கப் பழகிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் காத்திருப்பு விடாது. பக்கத்து வீட்டுக் கதவு அடித்தால் எழும்பி உட்காருவார். உளநோயின் வாசல் பல பேருக்கு இங்கேதான் திறக்கிறது.

அழைப்பு முடிந்து திரும்பியதும் செய்யும் காரியங்கள் எஞ்சிய இரவைத் தீர்மானிக்கின்றன. புகை படிந்த உடுப்பைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. தீயணைப்புத் தொழிலில் உடல் எதிர்கொள்ளும் பொருட்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022இல் முதலாம் தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த மணத்தோடு படுத்தால் மனமும் அந்த இடத்தைவிட்டு வராது. அடுத்தது சூடு. நித்திரை வர உடலின் உட்சூடு சற்று இறங்கவேண்டும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட உடுப்பையும் கருவியையும் சுமந்து நெருப்போடு நின்றவரின் சூடு சுலபத்தில் இறங்காது. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இரவிலும் வெக்கை தணியாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பது நல்லது. வியர்வையில் போனதற்குத் தண்ணீரும், கூடுதலாக வியர்த்திருந்தால் உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூள் ஒரு பக்கற்றும் கரைத்துக் குடிக்கலாம்.

தேத்தண்ணிதான் பெரிய வில்லங்கம். மூன்று மணிக்குத் திரும்பி வந்ததும் ஆளுக்கொரு கோப்பை சாயம் கூடிய பிளேன்டி குடிப்பது எல்லா நிலையத்திலும் உள்ள வழக்கம். அதிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போக 5 முதல் 6 மணித்தியாலம் எடுக்கும். மூன்று மணிக்குக் குடித்ததில் பாதி காலை எட்டு, ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் நிற்கும், அதுவோ வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டிய நேரம். தேநீரை இரவுக் கடமையின் முன்பாதியில் வைத்துக்கொண்டு, ஒரு மணிக்குப் பிறகு கொத்தமல்லித் தண்ணியோ இஞ்சித் தண்ணியோ குடித்தால் கூடியிருந்து கதைக்கும் அந்தப் பத்து நிமிடமும் கெடாது. அந்தக் கதை தேவை. கெட்ட காட்சியைப் பார்த்து வந்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்த நேரத்துக்கு ஈடான மருந்து கொஞ்சம்தான்.

கடமை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு போகும் பாதையில்தான் அடுத்த ஆபத்து. 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல மந்தமாகின்றன. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் நாட்டில் சாரதிக்குச் சட்டம் வகுத்த எல்லை 80 மில்லிகிராம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒருவர் மூன்று வினாடி கண்ணயர்ந்தால் 42 மீற்றர் கண்ணில்லாமல் ஓடியிருப்பார். கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனை வரை போகவேண்டியவருக்கும், ஓட்டமாவடிப் பக்கம் போகவேண்டியவருக்கும் அந்த மூன்று வினாடி எங்கேயும் வரலாம். புறப்படுமுன் 20 நிமிடம் நிலையத்திலேயே கண்ணயர அனுமதிப்பது நிலையத்தை நடத்தும் மாநகர சபையின் கடமை. பத்து மணிக்குப் படம் பிடிக்கப்படுபவர் பெரும்பாலும் இப்படிப் படுத்திருப்பவர்தான்.

வீட்டில் பகல் நித்திரை சுலபமில்லை. தகரமோ அஸ்பெஸ்டஸோ போட்ட கூரை பதினொரு மணிக்கு அடுப்பாகிவிடும். ஒலிபெருக்கி, பிள்ளைகள், மீன் வியாபாரியின் ஹோன். கிழக்கே பார்த்த அறையை விட்டு, மரநிழல் விழும் அறையில் கறுப்புத் துணி கட்டி, மின்விசிறியை விட்டு, தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, வந்தவுடன் நாலு ஐந்து மணித்தியாலமும் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலமும் என்று பிரித்துப் படுப்பதே நம் காலநிலைக்கு ஒத்துவரும். வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டால் காலை வெயில் உடல் கடிகாரத்தை எழுப்பிவிடுவதும் குறையும். குடும்பத்துக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நாலு மணித்தியாலத்துக்குள் கடைக்கு அனுப்பாதீர்கள், பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிவிடச் சொல்லாதீர்கள்.

ஓய்வு நாளிலும் பலர் ஓய்வெடுப்பதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஓட்டோ ஓடுகிறார்கள், வயலுக்குப் போகிறார்கள், விளைச்சல் காலத்தில் யானைக்குக் காவல் இருக்கிறார்கள். சம்பளம் போதாத வீட்டில் இதைக் குறை சொல்லும் உரிமை எங்களுக்கில்லை. ஆனால் இரவுக் கடமைக்கு முந்திய இரவு யானைக் காவலுக்குப் போகாதிருப்பதும், கடமைக்கு வருமுன் பின்னேரம் 90 நிமிடம் படுப்பதும் முடியக்கூடியவை.

கடமைப் பட்டியல் போடுபவர்களின் கையில்தான் பெரும்பகுதி இருக்கிறது. இரவுக் கடமை தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வரக்கூடாது. இரு கடமைகளுக்கிடையே குறைந்தது 11 மணித்தியாலம் வேண்டும். மாறும் முறையானால் காலை, பின்னேரம், இரவு என்று முன்னோக்கி மாறவேண்டும். இரவிலிருந்து காலைக்குப் பின்னோக்கி இழுத்தால் உடல் கடிகாரம் ஈடு கொடுக்காது. பட்டியல் இரண்டு கிழமைக்கு முன்பே சுவரில் ஒட்டப்பட வேண்டும். 24 மணித்தியாலக் கடமை இருக்கும் இடத்தில் அதன் தொடர்ச்சியாக மேலதிக நேரம் கொடுப்பதை நிறுத்தவேண்டும். ஆள் போதாது என்பார்கள், உண்மைதான். மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை 30 கிலோமீற்றருக்கு மேல். அங்கே ஓர் அழைப்புக்குப் போய்த் திரும்பும் குழுவின் இரவு முழுதாகப் போய்விடும். ஆளணியைக் கூட்டிக் கேட்கும்போது வாகன எண்ணிக்கையோடு இந்த நித்திரைக் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு வீரரும் மாதத்தில் எத்தனை இரவு, எத்தனை தடவை எழுப்பப்பட்டார் என்று அழைப்புப் பதிவேட்டிலேயே ஒரு நிரல் சேர்த்தால் போதும்.

நோன்பு மாதத்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இது பெரிய விடயம். தராவீஹ் எனும் இரவுத் தொழுகை முடிந்து படுக்கப் பத்து மணியாகும், ஸஹர் எனும் விடியுமுன் சாப்பாட்டுக்கு நாலு மணியளவில் எழும்பவேண்டும். பத்து மணி முதல் மூன்றே முக்கால் வரை நோன்பாளிகளைக் காவலில் போடாமல் விட்டு, அந்நேரக் காவலை மற்றவர்கள் எடுத்து, ஸஹருக்கு எழும்பியவர்கள் அங்கிருந்து விடியும்வரை காவலை ஏற்றால் இரு பக்கத்துக்கும் ஓர் உடையாத நித்திரை கிடைக்கும். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இதையே மாற்றிச் செய்யலாம். பகலில் வெக்கையான வேலையையும் பயிற்சியையும் காலை ஒன்பதுக்குள் முடிப்பது நோன்பாளிக்கு உதவும்.

படுக்கை அறைக்கு மாளிகை தேவையில்லை. வாகனக் கொட்டிலுக்கும் அறைக்கும் இடையில் தானாக மூடும் கதவு, டீசல் புகை உள்ளே வராதபடி. ஆளுக்கொரு நுளம்பு வலை. எதிரெதிர் யன்னல். மின்சாரம் போனாலும் விசிறி சுற்ற ஒரு சிறிய சூரிய மின்கலம். கட்டிலுக்குக் கட்டில் திரை. குறட்டை விடுபவருக்குத் தனி இடம்.

அந்தக் குறட்டையைச் சிரித்துவிட்டு விடாதீர்கள். குறட்டை நடுவில் நின்று, பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு அடைபட்டு, பிறகு திணறி எழுவது நித்திரை மூச்சடைப்பு. மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் நடந்தால் நோய், முப்பதுக்கு மேல் கடுமையானது. கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேல், உயர் இரத்த அழுத்தம், எட்டு மணித்தியாலம் படுத்தும் தீராத பகல் நித்திரை இருப்பவர் கட்டாயம் வைத்தியரிடம் போகவேண்டும். மனச்சோர்வு மருந்து குடித்தும் தேறாத சிலருக்கு உண்மையான காரணம் இந்த மூச்சடைப்பு. அதை முதலில் கண்டுகொள்பவர் பக்கத்துக் கட்டில்காரர்தான்.

நித்திரைக்காகச் சாராயம் குடிப்பதும், தடிமனுக்குக் கொடுக்கும் பிரிட்டன் (Piriton) குளிசையை இரவில் போடுவதும் பரவலாக இருக்கிறது. மது சுருக்கென்று உறங்க வைத்து, கனவு நித்திரையை நசுக்கி, இரவின் பிற்பாதியை உடைத்துவிடும். மூச்சடைப்பையும் கூட்டும். பிரிட்டன் மயக்கம் மறுநாள் காலையிலும் விடாது. வைத்தியர் எழுதாமல் வாங்கும் நித்திரைக் குளிசைகள் கடமை நாளில் கொலைக்குச் சமம்.

பெரிய துயர சம்பவம் ஒன்றுக்குப் பிறகு, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் ஒரு பிழையையும் சுட்டவேண்டும். அன்றிரவே எல்லோரையும் வட்டமாக இருத்தி, கண்டதை ஒவ்வொருவராகச் சொல்ல வைக்கும் கட்டாய அமர்வு பிற்கால உளக்காயத்தைத் தடுப்பதில்லை என்றும் சிலருக்குத் தீங்காகலாம் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. சாப்பாடு, குளிப்பு, வீட்டுக்கு ஒரு அழைப்பு, அடுத்த அழைப்புகளை வேறு குழுவுக்கு மாற்றி ஒரு முழு நித்திரை. அன்றைக்கு அதுவே போதும். பேச விரும்புபவர் பேசட்டும். மூன்றாம் நாளும், இரண்டாம் கிழமையும், ஒரு மாதம் முடிந்தும் பொறுப்பதிகாரி தனித்தனியே "நித்திரை எப்படி?" என்று கேட்கவேண்டும். "மனம் எப்படி?" என்றால் "ஒன்றுமில்லை" என்று வரும். நித்திரையைக் கேட்டால் உண்மை வரும். முதல் மாதத்துக்குள் பதற்றத்தைத் தணிக்க டயசெபாம் வகைக் குளிசைகளைக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013 முதல் அறிவுறுத்துகிறது.

கடமையில்லாத நாளிலும், படுக்க வசதியிருந்தும், கிழமைக்கு மூன்று இரவாவது நித்திரை வராமல் மூன்று மாதம் போனால் அது நித்திரையின்மை நோய். அதற்கு முதல் மருத்துவம் குளிசை இல்லை, நித்திரைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. இரண்டு கிழமை நித்திரை நாட்குறிப்பு எழுதுவது, இருபது நிமிடம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழும்பி மங்கல் வெளிச்சத்தில் இருந்துவிட்டு மீண்டும் படுப்பது, கட்டிலில் தொலைபேசி பார்க்காதிருப்பது என்று அது தொடங்கும். படுக்கும் நேரத்தைக் குறைக்கும் பகுதியை மட்டும் கடமையிலுள்ள வீரர் வைத்தியர் சொல்லாமல் தானாகச் செய்யக்கூடாது. திரும்பத் திரும்ப வரும் ஒரே கெட்ட கனவுக்கும் வழி உண்டு. பகலில் அந்தக் கனவை எழுதி, முடிவைத் தான் விரும்பியபடி மாற்றி, தினமும் பத்து இருபது நிமிடம் அந்தப் புதிய கனவை மனதில் ஓட்டிப் பழகவேண்டும். சில கிழமைகளில் பலருக்குக் கனவு குறைகிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். போனவரின் பதவி உயர்வில் கைவைக்கப்படாது என்று மாநகர சபை எழுத்தில் கொடுத்தால் போகிறவர் தொகை கூடும்.

வாசகர்களிடம் கேட்பது இரண்டுதான். குப்பையையும் காய்ந்த புல்லையும் பின்னேரம் கொளுத்திவிட்டுப் படுக்கப் போகாதீர்கள், நள்ளிரவில் காற்று எழும்பும்போது அது இன்னொருவரின் நித்திரையை எரிக்கிறது. விளையாட்டுக்குத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு எடுக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

தீயணைப்பு வீரர்களின் தொழில்சார் நலத்திலும் உளநலத்திலும் ஈடுபாடுள்ள குழுவினர்,
மட்டக்களப்பு.